நிலத்துக்குக் கீழிருந்து வரும் காற்று

மாரி தொடங்கி இரண்டு கிழமை போனால் வீட்டுக்குள் ஒரு மணம் வரும். வன்னியில் மீளக் குடியேறிக் கல்வீடு கட்டியவர்கள் பலருக்கு அது தெரியும். அலுமாரியைத் திறந்தால் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கறுப்புப் புள்ளி. பாயைச் சுருட்டினால் அடியில் சாம்பல் நிறப் பூஞ்சணம். தலையணையில் ஒரு புளித்த வாடை. உடனே கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்போம், எலி செத்துக் கிடக்கிறதா என்று தேடுவோம், உடுப்பைக் காயவிடாமல் மடித்துவிட்டாய் என்று வீட்டுப் பெண்களைக் குறை சொல்வோம். காலுக்குக் கீழே இருக்கிற நிலத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் மணமும் வந்தது, மூச்சுக் கஷ்டமும் வந்தது. இரண்டும் வந்த இடம் நிலம்தான்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே, கண்டாவளைப் பக்கம் எங்கள் காணி. இரணைமடுக் குளத்தில் இருந்து கனகராயன் ஆறு சுண்டிக்குளம் நோக்கிப் போகிற பள்ளப் பூமி. நெல்லுக்கு நல்ல களிமண். மாரியில் முற்றத்தில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். போருக்குப் பிறகு 550 சதுர அடியில் எழும்பிய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. தறப்பாளுக்குக் கீழே இருந்துவிட்டு வந்தவர்களுக்குப் பூட்டுகிற கதவே பெரிய விசயம். அத்திவாரத்துக்குள் என்ன போகிறது என்று பார்க்கிற காலம் இல்லை அது. அத்திவாரத்துக்குள் நிரப்புகிற கிறவல், அதாவது சரளை மண், கிடைப்பதும் கஷ்டமாக இருந்தது. வேலை எடுத்தவர் காணி மூலையில் வெட்டிய களியையே உள்ளே கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, மேலே மெல்லியதாகச் சீமெந்து போட்டுவிட்டுப் போனார். கீழே பொலித்தீன் இல்லை. நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கிற டிபிசி என்று சுவருக்குத் தார் பூசியிருந்தது, பின்சுவரில் அதுவும் இல்லை.

மாமிக்கு இளவயதில் இருந்தே தொய்வு, அதாவது ஆஸ்துமா. ஆனால் கொட்டிலில் இருந்தபோது வராத அளவுக்கு இந்த வீட்டுக்கு வந்த பிறகு மாரியில் இழுத்தது. பிறகு மகனுக்கும் இரவில் இருமல், விடியற்காலையில் மூக்கடைப்பு. பகலில் பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடித் திரிகிற பிள்ளை, வீட்டுக்கு வந்து படுத்தால் நெஞ்சு கீச்சிடும். கிளினிக்கில் இருந்த டொக்டர் மருந்தை எழுதிவிட்டு, "பிள்ளை படுக்கிற அறை ஈரமா? சுவரில பூஞ்சணம் இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை நிலத்தின் பக்கம் திருப்பியது. வீட்டு ஈரமும் பூஞ்சணமும் தொய்வையும் மற்ற மூச்சு வருத்தங்களையும் கூட்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருந்தை ஒழுங்காக எடுத்தாலும், படுக்கிற அறை தினமும் வருத்தத்தைக் கிளப்பினால் மருந்துக்கு வேலை கூடிக்கொண்டே போகும்.

ஈரம் மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று முதலில் பிரித்து அறிய வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் வேலை செய்கிற ஒரு வயதான மேசன் சொன்ன வழி மிகச் சுலபமானது. ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பொலித்தீன் துண்டு ஒன்றை வெட்டி, நிலத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் ரேப் ஒட்டி விட வேண்டும். குறைந்தது 16 மணித்தியாலம், அதாவது பின்னேரம் ஒட்டினால் அடுத்த நாள் மத்தியானம் வரை விடலாம். பொலித்தீனின் கீழ்ப்பக்கம் நீர்த்துளி இருந்தால், அல்லது அந்த இடத்துச் சீமெந்து கறுத்திருந்தால், ஈரம் நிலத்துக்குக் கீழிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றில் இருக்கிற ஈரம், குளிர்ந்த நிலத்தில் பட்டு வியர்த்தது. எங்கள் இரண்டு அறைகளிலும் கீழ்ப்பக்கம் துளி துளியாக நின்றது. மேசன் ஐயா ஒட்டியதைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உன்ர நிலம் ராவும் பகலும் தண்ணி இறைச்சுக் கொண்டிருக்கு. நீ ஃபானைப் போட்டுப் பிரயோசனமில்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலக் களிமண் கீழே உள்ள தண்ணீரை மேலே இழுக்கும். களியின் துளைகள் மிகச் சிறியவை, துளை சிறுக்கச் சிறுக்க நீர் ஏறுகிற உயரம் கூடும். பெரிய சல்லிக்கல்லில் இடைவெளி பெரிது, அதில் நீர் ஏறாது. சீமெந்து கல்லுப்போலத் தெரிந்தாலும் அதற்குள்ளும் நுண்துளைகள் உண்டு. மேலே வந்த நீர் அறைக்குள் ஆவியாகப் போகும். நிலம் பார்க்கக் காய்ந்துதான் இருக்கும், தொட்டாலும் நனையாது, ஆனால் ஆவி போய்க்கொண்டே இருக்கும். இரவில் கள்ளனுக்கும் நுளம்புக்கும் பயந்து கதவு யன்னலைச் சாத்திவிட்டால் அந்த ஆவிக்குப் போக வழியில்லை. அலுமாரிக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், சுவர் மூலையில் தங்கும். அங்கே பூஞ்சணம் பிடிக்கும். அதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத தூசாகக் காற்றில் கலக்கும். ஈரம் கூடிய மெத்தையில் தூசிப் பூச்சிகளும் பெருகும். நாம் மூச்சில் இழுப்பது இவற்றைத்தான்.

அண்ணா கனடாவில் இருக்கிறார். இதைத் தொலைபேசியில் சொன்னபோது, தங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்றார். அங்கே சில வீடுகளில் நிலத்துக்கும் தரைப் பலகைக்கும் இடையில் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடைவெளி விடுவார்கள். கிறோல் ஸ்பேஸ் என்பார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம். அவர் வீட்டில் அதற்குள் வெறும் மண் தரை, ஒரு மூலையில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றதாம். பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது சூடான காற்று மேலே எழும்பி மேல்மாடி இடுக்குகளால் வெளியே போகும். போன காற்றுக்குப் பதிலாகக் கீழிருந்து காற்று இழுபடும். அதோடு அந்த ஈரமும், பூஞ்சண வித்தும், எலிப் புழுக்கை வாடையும் படுக்கையறை வரை வரும். மண்ணில் இருந்து வருகிற ரேடான் என்ற கதிர்வீச்சு வாயுவும் அதே வழியால் ஏறும். அதைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்பதால் அங்கே வீட்டை அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு கன மீற்றர் காற்றில் 200 பெக்கரலுக்கு மேல் இருந்தால் குறைக்க வேலை செய்ய வேண்டும் என்பது கனடாச் சுகாதாரத் துறையின் வழிகாட்டல்.

அண்ணா செய்த வேலை எனக்குப் பெரிதாக உதவியது, ஏனென்றால் அவர் செய்த ஒழுங்கு முக்கியமானது. முதலில் வெளித்தண்ணீரை நிறுத்தினார்: கூரைத் தண்ணீரை ஏந்துகிற பீலியைச் சரிசெய்து, மண்ணை வீட்டுக்கு வெளிப்பக்கம் சரிவாக ஆக்கினார். பிறகு மண் தரை முழுவதும் தடித்த பொலித்தீன் விரித்து, பொருத்துகளை ஒட்டி, சுவரில் கொஞ்சம் ஏற்றிக் கட்டினார். காற்றோட்டத் துவாரங்களைப் பற்றி அவர் சொன்னதும் கவனிக்க வேண்டியது. முன்பு துவாரம் வைத்தால் ஈரம் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கோடையில் வெளியே இருக்கிற வெக்கையான ஈரக்காற்று அந்தத் துவாரத்தால் உள்ளே போய், குளிர்ந்த குழாயிலும் மரத்திலும் பட்டுத் தண்ணீராக வடியும் என்று பிறகு கண்டுகொண்டார்கள். ஈரக்காற்றை உள்ளே விட்டு ஈரத்தைப் போக்க முடியாது. இது எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்தும். மழை விட்டவுடன் யன்னலைத் திறந்துவிட்டால் குளிர்ந்த சீமெந்து நிலம் வியர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். வாடைக்காற்று ஈரத்தோடு அடிக்கிற நாளில் திறந்து வைப்பதைவிட, வெயில் ஏறிய பிறகு பத்து மணியில் இருந்து மூன்று மணி வரை எதிரெதிர் யன்னல்களைத் திறந்து விடுவது நல்லது.

அடியில் இடைவெளி விடுகிற யோசனை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். எங்கள் அப்புமார் நெல் வைத்த கொம்பறையை எப்படிக் கட்டினார்கள்? கல்லின் மேலும் மரக்குற்றியின் மேலும் தூக்கித்தான். கீழே காற்று ஓடும், நிலத்து ஈரம் நெல்லுக்கு ஏறாது, கறையான் ஏறினால் கண்ணில் படும். நெல்லுக்குத் தெரிந்து செய்ததைப் பிள்ளை படுக்கிற அறைக்கும் செய்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மண்வீட்டிலும் ஈரம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மண்சுவரும் சாணி மெழுகிய தரையும் உறிஞ்சின ஈரத்தைத் திரும்பவும் விடும், கிடுகுக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போகும். இப்போது சீமெந்தால் எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு நிலத்தை மட்டும் திறந்து விட்டிருக்கிறோம்.

சரி, என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் நிலத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் விரிப்பைத் தூக்கினோம். பூப்போட்ட அந்த விரிப்பு இப்போது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கூட்டித் துடைக்கச் சுகம், பார்க்கவும் வடிவு. கீழிருந்து ஈரம் வருகிற நிலத்தில் அதைப் போட்டால் ஈரம் அதற்கடியில் சிறைப்பட்டுப் பூஞ்சணம் தடிப்பாகப் பிடிக்கும். எங்கள் ஹோலில் அதைச் சுருட்டியபோது வந்த மணத்தில் மாமிக்கு அப்போதே முட்டியது. ரைல்ஸ் பதிப்பதும் இதற்கு மருந்தில்லை. நிலம் முழுவதையும் மூடினால் தண்ணீர் சுவரைத் தேடிப் போகும். பக்கத்துக் காணியில் வெளிநாட்டுக் காசில் ரைல்ஸ் பதித்தார்கள், அடுத்த மாரியில் சுவரில் ஈரம் முழங்கால் உயரத்தில் இருந்து இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. ஈரச் சுவரில் தண்ணீர் புகாப் பெயின்ற் அடித்தாலும் இதே கதிதான். பெயின்ற் கொப்பளித்து உரியும், ஈரம் இன்னும் மேலே ஏறும்.

சாம்பிராணிப் புகையையும் நுளம்புத் திரியையும் மாமிதான் நிறுத்த ஒத்துக்கொள்ளாமல் இருந்தார். மணத்தை மறைக்கத்தான் அவர் பின்னேரங்களில் சாம்பிராணி போட்டார். தொய்வுக்காரர் இருக்கிற அறையில் அந்தப் புகையும் கெடுதல். இப்போது நுளம்பு வலை கட்டுகிறோம், சாம்பிராணி வெள்ளிக்கிழமைகளில் வெளித் திண்ணையில் மட்டும்.

பிறகு வெளிவேலை. காசு குறைவாகவும் பலன் அதிகமாகவும் தந்தது இதுதான். ஓட்டு விளிம்பில் இருந்து கொட்டுகிற மழைத்தண்ணீர் அத்திவாரத்தின் அடியில் பள்ளம் தோண்டி நின்றது. பீலி வைத்து, குழாயால் வாழைப் பாத்தி வரை கொண்டுபோய் விட்டோம். வருசா வருசம் முற்றத்துக்கு மண் போட்டுப் போட்டு, வெளித்தரை வீட்டு நிலத்துக்குக் கிட்ட வந்திருந்தது. அதை வெட்டி இறக்கி, வீட்டு நிலத்தைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்கும்படி செய்தோம். சுவரில் இருந்து வெளியே சரிவு வேண்டும். பின்சுவரோடு சாய்த்து வைத்திருந்த விறகையும் பூச்சாடிகளையும் அகற்றினோம். விறகுக்குப் பின்னால் கறையான் மண்குழாய் கட்டி யன்னல் நிலை வரை ஏறியிருந்தது. நிலமும் சுவரும் சேர்கிற இடத்து வெடிப்பு, ஈரத்துக்கும் கறையானுக்கும் ஒரே வாசல். கறையானுக்கு மருந்து விடுபவர்களுக்கு ஒரு சொல்: நிலத்தைத் துளைத்து ஊற்றுகிற மருந்தின் ஆவியும் அதே வெடிப்பால் அறைக்குள் வரும். வெடிப்பை அடைக்காமல், பிள்ளைகளை வேறிடத்துக்கு அனுப்பாமல் அந்த வேலையைச் செய்ய விடாதீர்கள்.

கிணற்றடியில் இருந்து வழிந்த தண்ணீருக்கும் ஒரு கான் வெட்டினோம்.

வெளிவேலை முடிந்து வந்த மாரியில் வித்தியாசம் தெரிந்தது. சுவரில் ஈரக்கோடு இறங்கியது. கடையில் வாங்கிய சின்ன ஈரப்பத மானியில் மகனின் அறை முன்பு விடியற்காலையில் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும், இப்போது அதற்குக் கீழே வந்தது. ஆனால் போதவில்லை. வீட்டுக்குள் 60க்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். வன்னி மாரியில் வெளிக்காற்றே அதைவிட ஈரமாக இருக்கும்போது அது முழுதாகக் கைகூடாது. கோடையில் வேறு ஒன்றைக் கண்டோம். சோளகம் வீசி நிலம் காயும்போது பின்சுவரின் கீழே வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு மாவாக உதிர்ந்தது. நிலத்து நீரில் கரைந்திருந்த உப்பு அது. கோடையில் மணம் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் அந்த உப்பைப் பார்க்க வேண்டும். தண்ணீர் எதுவரை ஏறியது என்று அது காட்டித் தரும்.

ஆகவே மகனின் அறை நிலத்தை உடைத்தோம். இது பெரிய வேலை, கோடையில்தான் செய்ய வேண்டும். பழைய சீமெந்தைக் கொத்தி எடுத்து, களியை ஒரு அடி அளவுக்கு வெட்டி வெளியே போட்டோம். சுவரின் அடிக்கல் மட்டத்துக்குக் கீழே தோண்டக்கூடாது, சுவர் இறங்கிவிடும், இதில் மேசன் ஐயா கடுமையாக இருந்தார். அதற்குள் தூசியில்லாத சல்லிக்கல் ஆறு அங்குலம். கல்மாவோடு கலந்த சல்லி போட்டால் அந்த மாவே நீரை இழுக்கும், கழுவிய கல் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மேலே மெல்லிய மணல், கல்முனை பொலித்தீனைக் குத்தாமல் இருக்க. அதன்மேல் 1000 கேஜ் (கால் மில்லிமீற்றர் தடிப்பு) பொலித்தீன், பொருத்து வருகிற இடத்தில் ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ரேப் ஒட்டி, நாலு சுவரிலும் மேலே மடித்து. பிறகு மூன்று அங்குலக் கொங்கிறீற். கொங்கிறீற் போடுகிறவர்கள் பொலித்தீனுக்கு மேல் மண்வெட்டியோடு நடப்பார்கள், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஓட்டை விழுந்தால் அந்த வழியால் ஈரம் ஏறும். ஒரு கிழமை தண்ணீர் விட்டு முற்ற விட்டோம். புதுக் கொங்கிறீற் பல கிழமைக்கு ஈரம் விடும், அதனால் உடனே கட்டிலைக் கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டவில்லை.

டிபிசி இல்லாத பின்சுவரின் பூச்சை இரண்டு அடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, காய விட்டு, சுண்ணாம்பு கலந்து பூசினோம். சுவர் காய்வதற்கு அது விடும். பூச்சு நிலத்தைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறோம்.

நெல் மூட்டை விசயமும் சொல்ல வேண்டும். காலபோக நெல் வெட்டியவுடன் ஈரமாகவே கொண்டுவந்து ஹோலில் அடுக்குவது எங்கள் பக்கம் வழமை. மெசின் வெட்டிய நெல்லில் 20 சதவீதத்துக்கு மேலும் ஈரம் இருக்கும், பத்திரமாக வைக்க 14க்குக் கீழே காய வேண்டும். காயாத மூட்டை அறைக்குள் ஈரத்தையும் தூசையும் சேர்த்து விடும். இப்போது காய விட்டுத்தான் உள்ளே எடுக்கிறோம், அதுவும் பலகைக் கட்டின் மேல், சுவரில் இருந்து தள்ளி.

2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது இங்கே பல வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. வெள்ளம் வந்த வீட்டுக்கு நேரம்தான் எல்லாம். நனைந்த சாமானை 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காய வைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பஞ்சு மெத்தையையும் நனைந்த தலையணையையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள், எறியுங்கள். மரக் கட்டிலைக் கழுவிக் காய வைக்கலாம். பூஞ்சணத்தைக் காய்ந்தபடி விளக்குமாற்றால் தட்ட வேண்டாம், வித்து முழுவதும் காற்றில் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துத் துடைத்து, பிறகு காய விடுங்கள். முகத்துக்கு நல்ல மாஸ்க் போட்டு, தொய்வுக்காரரையும் பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். பிளீச்சிங் ஊற்றினால் கறை வெளுக்கும், ஆனால் ஈரம் இருக்கும்வரை திரும்ப வரும்.

மகனுக்கு இரவு இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. மாமிக்குத் தொய்வு போய்விடவில்லை. வருத்தம் இருக்கிறது, இன்ஹேலரும் இருக்கிறது, ஆனால் மாரியில் நடு இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நிலை இப்போது அரிது. வீட்டைத் திருத்திவிட்டோம் என்று யாரும் மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு, நிலத்துக்குச் சீமெந்து போடுகிற நாள்தான் முக்கியம். அன்று வீட்டில் இருங்கள். அத்திவாரத்துக்குள் போனது களியா கிறவலா என்று கையில் எடுத்துப் பாருங்கள், சல்லி போட்டார்களா, பொலித்தீன் விரித்தார்களா, எல்லாச் சுவரிலும் டிபிசி சுற்றி வந்ததா என்று கேளுங்கள். கட்டும்போது ஒரு பொலித்தீன் சுருளுக்குப் போகிற காசு எவ்வளவு, பிறகு நிலத்தை உடைத்துத் திருத்தப் போகிற காசு எவ்வளவு என்று நாங்கள் கணக்குப் பார்த்திருக்கிறோம், இரண்டும் கிட்டவும் நிற்காது. பள்ளக் காணி என்றால் அத்திவாரத்தை இன்னும் இரண்டு வரி கல் உயர்த்துங்கள்.

எங்கள் வீட்டில் மாமியின் அறையும் குசினியும் இன்னும் பழைய நிலத்தில்தான் இருக்கின்றன. சிறுபோகம் முடிந்து கையில் காசு வந்தால் வருகிற ஆவணிக்குள் மாமியின் அறையை உடைக்க மேசன் ஐயாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை மாமி மகனின் அறையில் படுக்கிறார், அவன் ஹோலில்.